வெள்ளி நானோ துகள்கள்: ஆய்வகத்தில் காண்பதும் நோயாளிக்குப் பயன்படுவதும்

வேப்பிலைச் சாற்றைக் கொண்டு செய்யப்பட்ட வெள்ளி நானோ துகள்கள் புற்றுநோய்ச் செல்களை அழித்ததாகவும், துளசிச் சாற்றில் உருவான துகள்கள் நோய்க்கிருமிகளைக் கொன்றதாகவும் செய்திகள் அவ்வப்போது வெளிவருகின்றன. நோயுற்றிருப்பவரும் அவரைக் கவனித்துக்கொள்பவரும் இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, இது நமக்கு எப்போது கிடைக்கும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. சிலர் இணையத்தில் விற்கப்படும் 'வெள்ளி நீரை' வாங்கிக் குடிக்கத் தொடங்குகின்றனர். வேறு சிலர் நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைத் தள்ளிவைக்கின்றனர். இவ்விரண்டும் மீட்க இயலாத இழப்பில் முடியக்கூடும்.

அச்செய்திகளில் பல, ஆய்வகத்தில் உண்மையாகவே நிகழ்ந்ததைத்தான் கூறுகின்றன. எனினும், ஆய்வகத்தில் நிகழ்ந்தது சரியாக என்ன, அங்கிருந்து நோயாளியின் படுக்கை வரை எவ்வளவு தொலைவு உள்ளது என்பவற்றை அவை கூறுவதில்லை. அத்தொலைவை இப்பக்கம் விளக்குகிறது. உலோக நானோ துகள்களுள் அதிகமாகப் பேசப்படுவது வெள்ளி என்பதால், அதையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளோம்.

நானோ துகள் என்பது எது?

ஒரு மீட்டரை நூறு கோடிப் பகுதிகளாகப் பிரித்தால், அவற்றுள் ஒரு பகுதி ஒரு நானோமீட்டர் ஆகும். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுடையவற்றை நானோ துகள்கள் என்கிறோம். நமது இரத்தச் சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7,000 நானோமீட்டர். பல பாக்டீரியாக்களின் நீளம் ஏறத்தாழ 1,000 நானோமீட்டர். ஆகவே, 20 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளித் துகள் ஒரு பாக்டீரியாவின் அருகில் இருப்பது, பூசணிக்காயின் அருகில் ஒரு மிளகு இருப்பதைப் போன்றது.

அளவு குறையும்போது உலோகத்தின் இயல்பும் மாறுகிறது. கற்கண்டுக் கட்டியைவிடப் பொடித்த சர்க்கரை விரைவில் கரைவதை அறிவீர்கள். ஒரே எடையுள்ள பொருளைப் பொடியாக்கினால் அதன் மேற்பரப்பு பெருகுகிறது. வெளியிலுள்ளவற்றோடு அது வினைபுரியும் வேகமும் பெருகுகிறது. வெள்ளிக் கொலுசிலிருந்தோ குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கிலிருந்தோ மிக மிகச் சிறிதளவே வெள்ளி அயனிகள் வெளியேறும். அதே எடையுள்ள வெள்ளி நானோ துகள்களிலிருந்து பன்மடங்கு அயனிகள் வெளியேறும். கிருமிகளைக் கொல்லும் ஆற்றலுக்கும், உடலுக்கு ஏற்படக்கூடிய தீங்குக்கும் இதுவே பெரும்பாலும் காரணம்.

நிறமும் மாறும். மைக்கேல் ஃபாரடே 1857-ஆம் ஆண்டில் தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக நீரில் பரவச் செய்தபோது, அந்நீர் மஞ்சளாக இல்லாமல் மாணிக்கச் சிவப்பாக இருந்தது. அவர் தயாரித்த நீர்மங்களுள் சில லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

துகள்களை எவ்வாறு செய்கிறார்கள்?

செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. வெள்ளி நைட்ரேட் என்னும் உப்பை நீரில் கரைத்தால், வெள்ளி தனித்தனி அயனிகளாகப் பிரிந்து நிற்கும். அவற்றுக்கு எலக்ட்ரான்களை அளிக்கும் ஒரு பொருளைச் சேர்த்தால், அயனிகள் வெள்ளி அணுக்களாக மாறி, ஒன்றோடொன்று சேர்ந்து நுண்துகள்களாக வளரும். எலக்ட்ரான்களை அளிக்கும் பொருளை ஒடுக்கி என்பர். துகள்கள் மேலும் மேலும் ஒட்டிக்கொண்டு பெரிய கட்டிகளாகிவிடாமல் காக்க ஒரு நிலைப்படுத்தியும் தேவை. சோடியம் போரோஹைட்ரைடு, சோடியம் சிட்ரேட் போன்ற வேதிப்பொருள்கள் இப்பணிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட்டைச் சேர்த்துத் தங்கத் துகள்களைச் செய்யும் முறையை டர்கெவிச்சும் அவருடைய குழுவினரும் 1951-இல் வெளியிட்டனர். இன்றளவும் மாணவர்கள் முதலில் கற்பது அம்முறையைத்தான்.

வேதிப்பொருளுக்கு மாற்றாக இலைச் சாற்றைப் பயன்படுத்தினால் அது 'பசுமை முறை' எனப்படுகிறது. இலையிலுள்ள ஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், சர்க்கரைகள், புரதங்கள் ஆகியவை ஒடுக்கியாகவும் நிலைப்படுத்தியாகவும் செயல்படுகின்றன. சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றியபின், இளமஞ்சள் நிறம் படிப்படியாகப் பழுப்பாக மாறும். துகள்கள் உருவாகிவிட்டன என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. விலையுயர்ந்த கருவிகளின்றித் தொடங்கக்கூடிய ஆய்வு என்பதால், தமிழ்நாட்டின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இது மிகுதியாக நடைபெறுகிறது. நீங்கள் படிக்கும் செய்திகள் பலவற்றின் பிறப்பிடம் அதுவே.

'பசுமை' என்ற சொல் இங்குத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அது செய்முறையைக் குறிக்கிறதேயன்றி, செய்து முடித்த பொருளைக் குறிப்பதில்லை. வேப்பிலையைக் கொண்டு செய்தாலும், வேறு வேதிப்பொருளைக் கொண்டு செய்தாலும் கிடைப்பது வெள்ளியே. அதை மூலிகை மருந்து எனக் கருதி உட்கொள்வது பிழை. மேலும், ஒரே மரத்தின் இலைகூடப் பருவத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப வேறுபடுவதால், இன்று செய்த துகளும் அடுத்த மாதம் செய்யும் துகளும் ஒரே அளவினவாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. மருந்தாக ஏற்கப்பட வேண்டிய பொருளுக்கு இது பெரிய குறை.

உருவான துகளின் அளவு, வடிவம், மேற்பரப்பு மின்னூட்டம் ஆகியவற்றை ஒளி உட்கவர்தல் சோதனை, எலக்ட்ரான் நுண்ணோக்கி முதலியவற்றால் அளக்கின்றனர். பழுப்பு நிற வெள்ளி நீர்மம் 400 முதல் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உட்கவரும். இவ்வளவும் முடிந்த பின்னரே உயிரியல் சோதனைகள் தொடங்குகின்றன.

'கிருமியைக் கொன்றது' என்பதன் பொருள்

முதற்சோதனை பெரும்பாலும் அகர் தட்டில் நடைபெறும். கூழ் போன்ற ஊட்டப்பொருள் நிரப்பிய தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் துகள்களை இடுவர். ஒரு நாள் கழித்துப் பார்க்கும்போது, துகள்களைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வளையம் காணப்பட்டால், அத்துகளுக்குக் கிருமியெதிர்ப்பு ஆற்றல் உண்டு என்பர். இங்கு வேலை செய்வது பெரும்பாலும் துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி. அது பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கிறது. கந்தகம் கொண்ட புரதங்களோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது.

ஆனால் அத்தட்டில் இரத்தம் இல்லை, சீழ் இல்லை, இறந்த திசு இல்லை. உண்மையான புண்ணில் இவை யாவும் உள்ளன. வெள்ளி அயனி குளோரைடோடு சேர்ந்தால் கரையாத வெள்ளி குளோரைடாகப் படிந்துவிடும். நம் உடல் நீர்மங்கள் அனைத்திலும் குளோரைடு உண்டு. புரதங்களும் அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே, தட்டில் கிருமியைக் கொன்ற அளவு புண்ணில் போதாமற்போகலாம். வயிற்றுக்குள் சென்ற வெள்ளி, இரத்தத்திலோ நுரையீரலிலோ உள்ள கிருமியைத் தேடிச்சென்று கொல்லும் என்பதற்கு அத்தட்டு எவ்விதச் சான்றும் ஆகாது.

கிருமிகள் வெள்ளியை எதிர்க்கவும் கற்றுக்கொள்கின்றன. வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மோனெல்லா பாக்டீரியா ஒன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தீக்காயமுற்றோர் சிகிச்சை பெற்ற ஒரு பிரிவில் கண்டறியப்பட்டது; அச்செய்தி 1975-இல் வெளியாயிற்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் போலவே வெள்ளியையும் தேவையுள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'புற்றுநோய்ச் செல்களை அழித்தது' என்பதன் பொருள்

இப்பகுதியைச் சற்றுப் பொறுமையாகப் படிக்குமாறு, குறிப்பாகப் புற்றுநோயாளிகளின் குடும்பத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

செல் சோதனையில், மனிதப் புற்றுநோயிலிருந்து முன்னொரு காலத்தில் எடுக்கப்பட்டு ஆய்வகங்களில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களைச் சிறு குழிகள் கொண்ட ஞெகிழித் தட்டில் இடுகின்றனர். ஒவ்வொரு குழியிலும் வெவ்வேறு அளவு துகள்களைச் சேர்த்து, ஓரிரு நாள்கள் வைத்திருக்கின்றனர். பின்னர் எம்டிடி என்னும் மஞ்சள் நிறச் சாயத்தை ஊற்றுவர். உயிருள்ள செல் அச்சாயத்தை ஊதா நிறமாக மாற்றும். இறந்த செல் மாற்றாது. ஊதா நிறத்தின் அடர்வைக் கருவியால் அளந்து, எத்தனை விழுக்காடு செல்கள் பிழைத்தன என்று கணக்கிடுகின்றனர். 1983-இல் அறிமுகமான இச்சோதனை விரைவானது, மலிவானது, முதற்கட்ட வடிகட்டலுக்கு ஏற்றது. உலோகத் துகள்களே சில வேளைகளில் அச்சாயத்தோடு வினைபுரிந்து கணக்கைக் குழப்புவதால், வேறொரு முறையாலும் சரிபார்க்க வேண்டியுள்ளது.

சோதனை சரியாகவே நடந்தது எனக் கொள்வோம். அதன்பின் கேட்க வேண்டிய முதற்கேள்வி: அதே அளவு துகள் நலமான செல்களை என்ன செய்தது? செல்லைக் கொல்வது அரிய செயலன்று. வெளுப்பான் தூளும் கொல்லும், அடர்ந்த உப்பு நீரும் கொல்லும். நலமான செல்லை விட்டுவிட்டுப் புற்றுச் செல்லை மட்டும் கொல்வதே அரிது. நலமான செல்களோடு ஒப்பிடாத ஆய்வு, மருந்தைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதையுமே கூறவில்லை.

இரண்டாவது, அளவு. ஒரு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அளவில் பாதிச் செல்கள் இறந்ததாக ஓர் ஆய்வு கூறுவதாக வைத்துக்கொள்வோம். வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. அதே செறிவை இரத்தத்தில் எட்ட 250 மில்லிகிராம் வெள்ளி தேவை. நரம்பு வழியாக ஏற்றப்பட்ட வெள்ளி மொத்தம் ஏறத்தாழ 1 கிராம் சேர்ந்தபோது தோல் நிரந்தரமாக நிறம் மாறியதைக் காட்டும் பழைய சிகிச்சைப் பதிவுகளைக் கொண்டுதான், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெள்ளிக்கான தன் வரம்பை வகுத்தது. மேற்கண்ட கணக்குப்படி நான்கே முறை செலுத்தினால் அந்த 1 கிராம் ஆகிவிடும்.

மூன்றாவது, துகள் எங்கே செல்கிறது என்பது. தட்டில் துகளுக்கும் செல்லுக்கும் இடையே எதுவும் இல்லை. உடலில் நுழைந்த மறுகணமே இரத்தப் புரதங்கள் துகளின் மேல் ஒட்டி ஒரு போர்வையாகப் படிகின்றன. அந்நியப் பொருளை விழுங்கி அகற்றும் செல்கள் அதை அடையாளம் கண்டு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் இழுத்துச் செல்கின்றன. ஏறத்தாழ 6 நானோமீட்டரைவிடச் சிறியவை சிறுநீரகம் வழியே வெளியேறலாம்; பெரியவை தங்கிவிடுகின்றன. விலங்குகளில் பத்தாண்டுக் காலம் நடைபெற்ற பல்வகை நானோ துகள் ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான பகுப்பாய்வொன்று, செலுத்திய துகள்களில் புற்றுக்கட்டியைச் சென்றடைந்த பங்கின் இடைநிலை மதிப்பு 0.7 விழுக்காடு எனக் காட்டிற்று. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே, செல் சோதனையின் வெற்றி என்பது அடுத்த சோதனைக்குச் செல்லலாம் என்ற அனுமதி மட்டுமே. அதன்பின் விலங்குகளில் நச்சுச் சோதனை, பிறகு மிகச் சில மனிதரில் பாதுகாப்புச் சோதனை, பிறகு நூற்றுக்கணக்கானோரில் இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பீடு என நெடிய வழி உண்டு. தொடங்கியவற்றுள் பெரும்பாலானவை நடுவழியிலேயே நின்றுவிடுகின்றன.

நோயாளிகளை வந்தடைந்தவை

அவ்வழியை முழுமையாகக் கடந்த உலோக நானோ பொருள்களும் உள்ளன. அவற்றுள் ஒன்றை நீங்கள் அறியாமலேயே பார்த்திருப்பீர்கள். கருத்தரிப்புச் சோதனை அட்டைகள் பலவற்றில் தோன்றும் இளஞ்சிவப்புக் கோடு, தங்க நானோ துகள்களின் நிறமே. அது உடலுக்குள் செல்வதில்லை என்பதால் பாதுகாப்புக் கேள்வி எழவில்லை.

உடலுக்குள் செலுத்தப்படுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு இரும்பு. கர்ப்பிணிகளுக்கு இரத்தசோகை கடுமையாக இருந்து, மாத்திரை போதாதபோது நரம்பு வழியாக ஏற்றப்படும் இரும்பு சுக்ரோஸ் மருந்து, நடுவில் இரும்பும் சுற்றிலும் சர்க்கரை உறையும் கொண்ட, சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களால் ஆனது. இரும்பு உடலுக்குத் தேவையான பொருள். கல்லீரலும் மண்ணீரலும் அத்துகளை விழுங்குவது இங்கு நன்மையாகவே முடிகிறது, ஏனெனில் இரும்பைச் சேமித்து வைக்கும் இடங்கள் அவையே. அப்படியிருந்தும் ஒவ்வாமை அச்சம் உண்டு. ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு நானோ மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009-இல் ஒப்புதல் அளித்தது. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை சிலருக்கு ஏற்பட்டதால், 2015-இல் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அம்மருந்தின் மேல் இட்டது. இரும்பு மருந்து ஏற்றியபின் சிறிது நேரம் அங்கேயே இருக்கும்படி செவிலியர் கூறினால் எழுந்து சென்றுவிடாதீர்கள்.

புற்றுநோயில் ஆஃப்னியம் ஆக்சைடு துகள்கள் கருதத்தக்கவை. அவற்றை நேரடியாகக் கட்டிக்குள் ஊசியால் செலுத்தியபின் கதிர்வீச்சு அளித்தால், கட்டிக்குள் கதிரின் விளைவு கூடுகிறது. மென்திசுப் புற்றுநோயாளிகள் 180 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், கட்டியில் உயிருள்ள புற்றுச் செல்கள் 5 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ எஞ்சியிருந்தோர், துகள் பெற்றவர்களில் 16 விழுக்காடு. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காடு. இரு மடங்கு என்பது உண்மை. நூற்றில் 84 பேருக்கு அவ்விளைவு கிட்டவில்லை என்பதும் உண்மை. செய்தித் தலைப்பில் முன்னதே இடம்பெறும். மேலும், இத்துகள் கதிர்வீச்சுக்கும் அறுவைசிகிச்சைக்கும் துணையாகவே பயன்பட்டது; அவற்றுக்கு மாற்றாகவன்று.

புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் வெள்ளி

வெள்ளி உண்மையிலேயே மருத்துவப் பயன்பாட்டில் உள்ள இடம் புண்ணின் மேற்பரப்பே. தீக்காயத்துக்குத் தடவப்படும் சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பு 1968-இல் அறிமுகமானது. அது நானோ பொருள் அன்று. நானோ படிக வெள்ளி பூசப்பட்ட கட்டுகள் 1990-களின் பிற்பகுதியில் வந்தன. இவை அயனியைச் சிறிது சிறிதாக வெளியிடுவதால் நாள்தோறும் கட்டு மாற்றும் வேதனை குறைகிறது. ஆனால், வெள்ளிக் கட்டுகள் புண்ணை விரைவில் ஆற்றுகின்றனவா, தொற்றைத் தடுக்கின்றனவா என்பதை முடிவு செய்யப் போதிய சான்று இல்லை என்று காக்ரேன் அமைப்பின் 2010-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு கூறியது. தீக்காயங்களைப் பற்றிய அதன் 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு, சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு இட்டவர்களுக்கு வேறு கட்டுகள் இட்டவர்களைவிடப் புண் ஆறுவது தாமதமானதைச் சுட்டியது. ஆகவே வெள்ளிக் கட்டு எழுதித் தரப்படவில்லை என்றால், உங்களுக்கு ஏதோ குறைவான சிகிச்சை தரப்படுகிறது என்று எண்ண வேண்டியதில்லை.

வெள்ளிக் கட்டு இடப்பட்டவரை வீட்டில் கவனிப்போர் அறிய வேண்டியவை சில. நானோ படிக வெள்ளிக் கட்டுகளைத் தூய்மையாக்கப்பட்ட நீரால் நனைக்க வேண்டும். உப்புக் கரைசலால் நனைக்கக் கூடாது. மேலே கூறிய குளோரைடு வினையே இதற்குக் காரணம். எண்ணெய் சார்ந்த களிம்பை அதன் கீழ் தடவக் கூடாது. எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது கட்டின் வகையைப் பொறுத்தது. செவிலியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள தோல் சற்றுக் கருத்தால், அது பெரும்பாலும் மறையக்கூடிய கறையே. எம்ஆர்ஐ எடுக்கும் முன்பும், கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முன்பும் இக்கட்டு இருப்பதைத் தவறாமல் தெரிவியுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவருக்கும், பச்சிளம் குழந்தைக்கும், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிக்கும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை நீங்களாகவே தடவாதீர்கள்.

பரந்த தீக்காயத்தில் வெள்ளி இரத்தத்துக்குள் சேர முடியும். உடலின் 30 விழுக்காட்டுப் பரப்பில் தீக்காயமுற்ற இளைஞர் ஒருவருக்கு நானோ வெள்ளிக் கட்டுகள் இட்ட ஒரு வாரத்தில் முகம் சாம்பல் நிறமாக மாறியதும், கல்லீரல் நொதிகள் உயர்ந்ததும் 2006-இல் பதிவாகியுள்ளன. கட்டுகளை அகற்றியபின் அளவுகள் குறைந்தன. இத்தகைய காயங்களுக்கு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்வது இதனால்தான்.

எந்தத் தீக்காயத்துக்கும் முதலுதவி, 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த குழாய் நீர். பற்பசை, மை, நெய், மாவு எதுவும் வேண்டா.

'வெள்ளி நீர்' குடிக்கலாமா?

குடிக்கக் கூடாது.

நுண்துகள் வெள்ளி கலந்த நீர், எதிர்ப்பாற்றலைக் கூட்டும், சர்க்கரை நோய் முதல் புற்றுநோய் வரை தீர்க்கும் என்ற விளம்பரங்களோடு விற்கப்படுகிறது. இவ்வாறு கடைகளில் விற்கப்படும் வெள்ளிப் பொருள்கள் எந்த நோய்க்கும் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. வெள்ளி நம் உடலுக்குத் தேவையான தாதுவும் அன்று. வெள்ளிக் குறைபாடு என்ற நோய் இல்லை.

குடித்த வெள்ளியில் ஒரு பகுதி குடலிலிருந்து இரத்தத்துக்குள் சென்று தோலில் படிகிறது. அங்கு வெளிச்சம் பட்டதும் கருமையடைகிறது. பழைய புகைப்படச் சுருளில் நிகழ்ந்த அதே வேதிவினைதான் இது. முகமும் கைகளும் நகங்களும் நீலச் சாம்பல் நிறமாகின்றன. ஆர்ஜிரியா எனப்படும் இந்நிலை வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். லேசர் சிகிச்சை சிலருக்கு ஓரளவு உதவியுள்ளதேயன்றி, வெள்ளியை உடலிலிருந்து நீக்கும் மருந்து இல்லை. தைராய்டு மாத்திரையும் சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் உடலில் சேர்வதையும் வெள்ளி குறைக்கக்கூடும். அதாவது, வெள்ளி நீர் குடிக்கும் ஒருவருக்கு, அவர் ஒழுங்காக உட்கொள்ளும் மருந்தும் வேலை செய்யாமற்போகலாம்.

வீட்டிலுள்ள குடிநீர் வடிகட்டியில் வெள்ளி இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் பூச்சிக்கொல்லி எச்சத்தை நீக்க உருவாக்கிய வடிகட்டித் தொழில்நுட்பத்திலும் வெள்ளி நானோ துகள்கள் பயன்படுகின்றன. அங்குத் துகள்கள் வடிகட்டும் பொருளின் மேல் நிலைநிறுத்தப்பட்டுள்ளன. நீரோடு வர விடுவதில்லை. குடிநீரில் வெள்ளி ஒரு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. வெள்ளி நீர்ப் புட்டியில் 10 பிபிஎம் என்று அச்சிடப்பட்டிருந்தால், அதன் பொருள் லிட்டருக்கு 10 மில்லிகிராம். அவ்வரம்பைப் போல் நூறு மடங்கு.

வெள்ளித் துகளைத் தெளிப்பானாக மூக்கிலோ நெபுலைசர் வழியாக நுரையீரலிலோ செலுத்திக்கொள்வதையும் தவிர்க்க வேண்டும். ஏற்கனவே குடித்து வந்திருந்தால், இன்றே நிறுத்திவிட்டு, எவ்வளவு காலம், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். கூச்சப்பட வேண்டிய செய்தி இதில் ஏதுமில்லை.

பற்பமும் செந்தூரமும்

சித்த மருத்துவத்தில் உலோகங்களையும் தாதுக்களையும் மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, புடமிட்டுப் பற்பமாகவும் செந்தூரமாகவும் ஆக்குவர். இவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்தோர் நானோ அளவுத் துகள்களையும் கண்டுள்ளனர். இச்செய்தியை விளம்பரங்கள் இரு வகையில் திரிக்கின்றன: நானோ என்பதால் மிகுந்த ஆற்றலுடையது என்று ஒரு தரப்பும், நானோ என்பதால் தீங்கே இல்லாதது என்று மறு தரப்பும் கூறுகின்றன. துகளின் அளவு மட்டும் இவ்விரண்டில் எதையும் மெய்ப்பிக்காது. எந்த உலோகம், எவ்வளவு தூய்மை, எவ்வளவு அளவு, எத்தனை நாள் என்பவையே முடிவு செய்யும்.

பதிவுபெற்ற சித்த மருத்துவர் தந்தாலன்றி இவற்றை உட்கொள்ளாதீர்கள். நச்சுப் பொருள்கள் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உற்பத்தி உரிம எண்ணும் காலாவதி நாளும் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். சிறுநீரக நோயாளிகளும், கர்ப்பிணிகளும், புற்றுநோய் மருந்து பெறுவோரும் தம்முடைய இரு மருத்துவர்களிடமும் அனைத்து மருந்துகளையும் காட்டுவது கட்டாயம்.

ஆய்வில் சேரும்படி அழைத்தால்

நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை இந்திய அரசு 2019-இல் வெளியிட்டது. அதே ஆண்டில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளும் நடைமுறைக்கு வந்தன. மனிதரிடம் நடத்தும் மருந்து ஆய்வு ஒவ்வொன்றும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். அப்பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆகவே உங்களை அழைப்பவரிடம் பதிவு எண்ணையும், ஒப்புதலளித்த நெறிமுறைக் குழுவின் பெயரையும் கேளுங்கள். உண்மையான ஆய்வாளர் தயங்காமல் தருவார்.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆய்வின் மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் அது எச்சரிக்கைக் குறி. நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை நிறுத்தப்படுமா, ஆய்வால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையையும் இழப்பீட்டையும் யார் தருவார்கள், துகள் உடலில் எவ்வளவு காலம் தங்கும் என்பவற்றைக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள். எந்நேரமும் காரணம் கூறாமல் விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

வெள்ளி, இரும்பு அல்லது வேறு எந்த உலோக மருந்தைப் பயன்படுத்தியபின்னும் மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம் ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். தோல் நிறமாற்றம், தடிப்பு, கண் மஞ்சளாதல் போன்றவை தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுவதோடு, இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். மருத்துவர் மட்டுமன்றி, நோயாளியோ அவரைக் கவனித்துக்கொள்பவரோ நேரடியாகவே இதனைச் செய்யலாம்.